கேட்டலும் அறிதலும்: நீலகிரித் தோடரிடையே மானிடவியல் கற்ற பாடங்கள்

மனிதன் தன்னைப் பற்றியும் தன் அண்டை அயலாரைப் பற்றியும் எண்ணத் தொடங்கிய காலம் மிகத் தொன்மையானது. அவ்வெண்ணத்தை ஓர் ஒழுங்குக்கு உட்படுத்தி, மானிடவியல் என்னும் தனித்துறையாக வளர்த்த காலமோ மிக அண்மையது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியைச் சேர்ந்தது. உடற்கூற்றை ஆராய்வது ஒரு கிளை. வாழ்முறையை ஆராய்வது மற்றொன்று. மண்ணுள் புதைந்தனவற்றை ஆராயும் தொல்லியலும், பேச்சை ஆராயும் மொழியியலும் ஏனைய இரண்டு. அமெரிக்க மரபு இந்நான்கையும் ஒரே மரத்தின் கிளைகளாகக் காண்கிறது.

இத்துறையின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் பசிபிக் தீவுகளையும் ஆப்பிரிக்கக் காடுகளையும் வட அமெரிக்கச் சமவெளிகளையும் சுட்டிச் செல்வர். தமிழ் மண்ணின் விளிம்பிலுள்ள நீலகிரிக்கும் அவ்வரலாற்றில் முதன்மையான ஓர் இடம் உண்டு. அம்மலையின் மேட்டுப் புல்வெளிகளில் எருமை வளர்த்து வாழும் தோடர், எண்ணிக்கையில் மிகச் சிறியதொரு மக்கட் கூட்டத்தார். 1901-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் அவர்கள் ஏறத்தாழ 800 பேரே. அச்சிறு கூட்டத்தைத் தேடி வந்தவர்களுள் தலையை அளந்தவர் உண்டு. தலைகளை எண்ணியவர் உண்டு. கொடிவழி வரைந்தவர் உண்டு. பாட்டுக் கேட்டவரும் உண்டு. அவர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், மானிடவியலின் அடிப்படைக் கருத்துகளும் ஆய்வு முறைகளும் எவ்வாறு படிப்படியாக உருவாயின என்பது தெளிவாகும். ஒரு மக்களை அறிதல் என்பது அவர்கள் மொழியில் அவர்கள் சொல்வதைக் கேட்கக் கற்றுக்கொள்வதே என்னும் முடிவை நோக்கி அவ்வரிசை செல்கிறது. அவ்வாறு கேட்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும், அவ்விலையைக் கொடுத்தவர் யார் என்பதையும் அதே வரிசை காட்டுகிறது.

நாற்காலியில் அமர்ந்து அறிந்த காலம்

பண்பாடு என்னும் கருத்துக்கு மானிடவியலில் நிலைத்த வரையறை தந்தவர் எட்வர்டு டைலர். 1871-இல் வெளிவந்த 'தொல்குடிப் பண்பாடு' என்னும் நூலில், அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் ஆகிய அனைத்தையும் உள்ளடக்கிய ஒரு முழுமையே பண்பாடு என அவர் விளக்கினார். மனிதன் ஒரு சமுதாயத்தின் உறுப்பினன் என்ற முறையில் அதனைக் கற்றுப் பெறுகிறான் என்பது அவ்வரையறையின் உயிர்நாடி. பண்பாடு பிறப்போடு குருதியில் வருவதன்று, கற்று வருவது. இவ்வொரு கருத்தே பிற்கால மானிடவியலுக்கெல்லாம் கால்கோள் ஆயிற்று.

ஆயினும் அக்காலத்து அறிஞர் பலர் தாம் எழுதிய மக்களை நேரிற் கண்டவரல்லர். சமயப் பணியாளர், வணிகர், ஆட்சியாளர் ஆகியோர் எழுதி அனுப்பிய குறிப்புகளை நூலகத்தில் அமர்ந்து ஒப்பிட்டே பெருநூல்களை யாத்தனர். 'பொற்கிளை' என்னும் புகழ்பெற்ற நூலை 1890-இல் வெளியிட்ட ஜேம்ஸ் பிரேசரும் இவ்வகையினரே. பிற்காலத்தார் இவர்களை 'நாற்காலி மானிடவியலார்' என்றழைத்தனர்.

இம்முறை முற்றிலும் பயனற்றது எனத் தள்ளிவிடவும் இயலாது. அமெரிக்க வழக்கறிஞரான லூயிஸ் ஹென்றி மார்கன், உறவுப் பெயர்களைக் கேட்டு அச்சிட்ட வினாப்பட்டியல்களை உலகெங்கும் அனுப்பினார். தமிழகத்தில் பணியாற்றிய அமெரிக்கச் சமயப் பணியாளர்களிடமிருந்து தமிழ் உறவுப் பெயர்கள் அவருக்குக் கிடைத்தன. தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையாகவே அழைக்கப்படுதல், தாயின் உடன்பிறந்தான் மாமனாகத் தனித்து நிற்றல் முதலிய கூறுகளில், தாம் நன்கறிந்த செனகா இந்தியரின் உறவுமுறையும் தமிழரின் உறவுமுறையும் ஒத்திருத்தலைக் கண்டு அவர் வியந்தார். 1871-இல் வெளிவந்த அவருடைய உறவுமுறை நூலில் தமிழுக்குச் சிறப்பிடம் உண்டு. ஒரு மொழியின் உறவுப் பெயர்கள் சிதறிக் கிடக்கும் சொற்களல்ல, ஓர் அமைப்பு என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

அதே மார்கன்தான் 1877-இல் வெளியிட்ட 'தொல் சமுதாயம்' என்னும் நூலில் மனிதகுல வரலாற்றைக் காட்டுநிலை, அநாகரிக நிலை, நாகரிக நிலை என மூன்று படிகளாக வகுத்தார். ஏணியின் உச்சிப் படியில் வகுத்தவரின் சொந்தச் சமுதாயமே அமர்ந்திருந்தது. தன் வாழ்முறையையே அளவுகோலாகக் கொண்டு பிறரை அளக்கும் இப்போக்கினைத் 'தன்னின மையவாதம்' என்பர். இதற்கு மறுப்பாக எழுந்தது பிரான்ஸ் போவாஸின் குரல். 1883, 1884 ஆகிய ஆண்டுகளில் பனி சூழ்ந்த பேபின் தீவில் எஸ்கிமோ மக்களோடு வாழ்ந்து திரும்பிய அவர், ஒவ்வொரு பண்பாட்டையும் அதன் வரலாற்றோடும் சூழலோடும் பொருத்தியே அறியவேண்டும் என வலியுறுத்தினார். 'பண்பாட்டுச் சார்புநிலை' எனப்படும் கொள்கையின் வேர் அது. போவாஸின் மாணவர் எட்வர்டு சபீர். சபீரின் மாணவர் ஒருவர் பின்னாளில் நீலகிரிக்கு வந்தார். அவரைப் பற்றிய செய்தி பின்னர் வரும்.

மலையேறி வந்தோர்

தோடரைப் பற்றிய மிகப் பழைய ஐரோப்பியக் குறிப்பு 1603-ஆம் ஆண்டினது. மலையுச்சியில் பழங்கிறித்தவர் வாழ்கின்றனர் என்ற வதந்தியை நம்பி, மலையாளக் கரையிலிருந்து பெனிசியோ என்னும் இயேசு சபைத் துறவி ஏறி வந்தார். தேடி வந்த கிறித்தவரை அவர் காணவில்லை. எருமையைப் பேணும் தோடரையே கண்டார். காண விரும்பியதை மனத்தில் வைத்துக்கொண்டு களத்திற்கு வருதல் என்னும் இடர் அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

1819-இல் கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் மலைமேல் சென்ற பிறகு ஆங்கிலேயர் வருகை பெருகியது. 1832-இல் ஹார்க்னஸ் என்னும் படை அலுவலர் தோடரைப் பற்றித் தனிநூலே எழுதினார். நெடிய உருவமும் அடர்ந்த தாடியும் மேலில் போர்த்த ஆடையும் கண்ட ஐரோப்பியர், தோடரைப் பண்டை ரோமரோடும் யூதரோடும் தொடர்புபடுத்திக் கதைகள் புனைந்தனர். கண்ணால் கண்டனர், காதால் கேட்டாரில்லை.

1873-இல் வெளிவந்த மார்ஷல் என்பாரின் நூல் அக்காலப் போக்கின் உச்சம். தலையின் மேடு பள்ளங்களைத் தடவி மனிதனின் குணத்தைக் கணித்துவிடலாம் என்ற, இன்று முற்றிலும் கைவிடப்பட்ட கொள்கையில் நம்பிக்கை கொண்டவர் அவர். தம் நூலின் தலைப்பிலேயே அதனை அறிவித்துக்கொண்டு, தோடரின் தலைகளை ஆராய்ந்தார். அந்நூலின் இறுதியில்தான் வியப்பான ஓர் இணைப்பு உள்ளது. பாசல் சமயச் சங்கத்தைச் சேர்ந்த மெட்ஸ் என்பவர் திரட்டித் தந்த சொற்களையும் தொடர்களையும் கொண்டு, தோட மொழிக்கு ஒரு சுருக்க இலக்கணம் எழுதப்பட்டு அங்கே சேர்க்கப்பட்டுள்ளது. எழுதியவர் ஜி. யு. போப். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்த அதே போப்தான். ஒரே நூலின் முன்பகுதி தலையை அளக்கிறது. பின்பகுதி பேச்சைக் கேட்கிறது. மானிடவியல் செல்லக்கூடிய இரு வழிகளும் ஒரே அட்டைக்குள் அடங்கியிருந்தன.

அளக்கும் வழி விரைவில் மறைந்துவிடவில்லை. சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், மூக்கின் நீள அகலங்களையும் தலையின் சுற்றளவையும் கருவிகொண்டு அளந்து குலங்களை வகைப்படுத்த முயன்றார். க. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் அவர் வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளாக அமைந்தது. வழக்கங்களைப் பற்றிய செய்திக் களஞ்சியமாக அது இன்றும் பயன்படுகிறது. அதன் அளவைகளோ அறிவியல் மதிப்பினை இழந்துவிட்டன. மனிதனை அறிய அவனைப் பேசவிடவேண்டும் என்ற பாடத்தைக் கற்க ஒரு தலைமுறை தேவைப்பட்டது.

கொடிவழி என்னும் கருவி

டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் பயிற்சியால் மருத்துவர், உளவியல் அறிஞர். 1898-இல் ஆல்பிரட் ஹாடன் தலைமையில் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற கேம்பிரிட்சு ஆய்வுக் குழுவில் அவர் இடம்பெற்றார். தீவு மக்களின் பார்வை முதலிய புலனுணர்வுகளைச் சோதிப்பது அவர் பணி. ஒரு குடும்பத்தாரின் உணர்வுக் கூறுகள் வழிவழி வருவனவா என அறிய விரும்பிய அவர், ஒவ்வொருவருடைய உறவினரின் பெயரையும் கேட்டு எழுதத் தொடங்கினார். உளவியலுக்காகத் தொடங்கிய அப்பட்டியல், சமுதாயத்தையே திறந்து காட்டும் திறவுகோலாக மாறியது. அதுவே 'கொடிவழி முறை'.

முறை மிக எளிது. தந்தை, தாய், கணவன், மனைவி, மகன், மகள் என்னும் ஒரு சில சொற்களை மட்டுமே ஆய்வாளர் பயன்படுத்துவார். அவற்றைக் கொண்டு ஒருவருடைய பெற்றோர், அவர்தம் பெற்றோர், அவர்தம் மக்கள் என்று மூன்று நான்கு தலைமுறைப் பெயர்களையும், அவரவர் ஊர், குலம், மணம் ஆகியவற்றையும் குறித்துக்கொள்வார். பின்னர், "இவரை நீர் எவ்வாறு அழைப்பீர்?" என ஒவ்வொரு பெயரையும் சுட்டிக் கேட்பார். உங்கள் திருமண விதி யாது எனப் பொதுப்படக் கேட்டால் எவரும் தடுமாறுவர். இன்னார் மகள் இன்னாரை மணந்தாரா எனக் கேட்டால் சிறு பிள்ளையும் விடை கூறும். பெயர்களிலிருந்து நிகழ்ச்சிகளுக்கும், நிகழ்ச்சிகளிலிருந்து விதிக்கும் செல்லும் நெறி இது. ஒரே கொடிவழியைப் பலரிடம் தனித்தனியே கேட்டு ஒப்பிட முடிவதால் சொல்வதன் மெய்ம்மையையும் சோதிக்கலாம்.

இக்கருவியோடு ரிவர்ஸ் 1902-இல் நீலகிரியில் சில மாதங்கள் தங்கினார். தோடர் அனைவரையும் ஏறத்தாழ உள்ளடக்கும் 72 கொடிவழிப் பட்டியல்களைத் திரட்டினார். 1906-இல் வெளிவந்த 'தோடர்கள்' என்னும் அவருடைய பெருநூல், ஒரு மக்களைப் பற்றிய செய்தித் தொகுப்பாக மட்டுமன்றி, ஆய்வு முறைக்கு ஓர் எடுத்துக்காட்டாகவும் அமையவேண்டும் என அவர் கருதினார். எச்செய்தி எவ்வாறு கிடைத்தது, அதனை எவ்வளவு நம்பலாம் என்பதையும் அதில் பதிவு செய்தார்.

தோடரின் உறவுப் பெயர்களுள் 'முன்' என்பது ஒன்று. தாயின் உடன்பிறந்தானையும் அச்சொல் குறிக்கும். மனைவியின் தந்தையையும் அதுவே குறிக்கும். 'மாமன்' என்னும் சொல்லைப் புழங்கும் தமிழர்க்கு இதில் வியப்பேதும் இல்லை. தாய்மாமன் மகளையோ அத்தை மகளையோ மணக்கும் உரிமை சொல்லுக்குள்ளேயே பொதிந்திருக்கிறது. மார்கன் வினாப்பட்டியலால் உய்த்துணர்ந்ததை ரிவர்ஸ் மனிதர்களின் பெயர்களோடும் மணங்களோடும் பொருத்திக் காட்டினார்.

இந்த இடத்தில் ஓர் இடர் குறுக்கிட்டது. இறந்த முன்னோரின் பெயரை வாயால் சொல்லுதல் தோடரிடையே தகாத செயல். கொடிவழி முறையோ பெயர்களின் மேல் எழுப்பப்பட்டது. எனவே ஒரு குடும்பத்தின் முன்னோர் பெயர்களை அக்குடும்பத்தார் இல்லாத வேளையில் பிறரிடம் கேட்டுப் பெறவேண்டியதாயிற்று. அறிவியலின் தேவை ஒரு புறமும், கேட்கப்படுவோரின் மரபு மறுபுறமும் நின்றன. ஆய்வாளர் தம் தேவையின் பக்கமே சாய்ந்தார்.

வில் கொடுத்தவன் தந்தை

மானிடவியலின் கருத்துகளுள் ஒன்றைத் தோடரின் சடங்கு ஒன்று தெளிவாக விளக்குகிறது. உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணந்து வாழும் வழக்கம் அக்காலத்தில் தோடரிடையே இருந்தது. அந்நிலையில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை யார் என்ற வினாவுக்கு அவர்கள் கண்ட விடை ஒரு சடங்கு. கருவுற்ற ஏழாம் மாதத்தில் உறவினர் சூழப் பெண்ணைக் காட்டோரம் அழைத்துச் செல்வர். ஒரு மரத்தில் மாடம் குடைந்து விளக்கேற்றி வைப்பர். கணவன் செடியின் கொம்பை வளைத்துச் சிறு வில்லும் அம்பும் செய்து அவள் கையில் கொடுப்பான். அவள் அதனை ஏந்தி விளக்கை நோக்கியிருப்பாள். வில் கொடுத்தவனே அக்குழந்தைக்குத் தந்தை. வேறொருவன் மீண்டும் வில் கொடுக்கும் வரை, பின்னர்ப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவனே தந்தை. அவன் இறந்துபோனாலும் அவ்வுரிமை மாறாது.

பெற்ற தந்தை வேறு, முறைத்தந்தை வேறு என மானிடவியல் பின்னாளில் பகுத்துக் கூறியதைத் தோடர் ஒரு சிறு வில்லால் முன்னரே சொல்லிவிட்டனர். உறவு என்பது உடலால் மட்டும் அமைவதன்று. சமுதாயம் ஏற்று அறிவிப்பதால் அமைவது. வெளியிலிருந்து வந்தவர் பலர் அவ்வழக்கத்தைக் கண்டு ஒழுக்கக்கேடு என முகம் சுளித்தனர். தந்தையற்ற குழந்தை பிறந்துவிடலாகாது என்பதில் அச்சமுதாயம் கொண்டிருந்த கவலையை அவர்கள் காணவில்லை. ஒரு வழக்கத்தைப் புறத்தே நின்று மதிப்பிடுவதற்கும், அதனை உடையவர் அதற்குத் தரும் பொருளை அறிவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிற்கால மானிடவியலார் புறநிலை நோக்கு என்றும் அகநிலை நோக்கு என்றும் பெயரிட்டனர்.

சொன்னவர்க்கு நேர்ந்தது

தோடரின் வாழ்வில் பால் வெறும் உணவன்று. தூய எருமைகளின் பாலைக் கடையும் பால்மனைகளே அவர்களுடைய வழிபாட்டிடங்கள். பால்மனைகளுக்குள் படிநிலைகள் உண்டு. உயர்ந்த மனையின் பணியாளர் கடுமையான தூய்மை நெறிகளைக் கைக்கொண்டு, இல்லறம் நீங்கி வாழ்ந்தார். அங்கே சொல்லப்படும் வேண்டுதல்களில் மலை, ஓடை, எருமை, பால்மனை ஆகியவற்றுக்கு அன்றாட வழக்கில் இல்லாத தனிப்பெயர்கள் வரும். அப்பெயர்களை அடுக்கிச் சொல்வதே வேண்டுதலின் பெரும்பகுதி. பெயர்களைக் காப்பது மறையைக் காப்பதாக இருந்தது.

இம்மறைகளை ரிவர்ஸ் கேட்டார். சிலர் தயங்கினர், சிலர் சொன்னார்கள். அவர் மலையில் தங்கியிருந்த காலத்தின் இறுதியில், தமக்கு உதவியவர்களுக்கு நேர்ந்த துன்பங்களை அவரே தம் நூலில் எழுதியுள்ளார். தூய இடங்களைச் சுட்டிக் காட்டியவர் நோயுற்றார். மிகத் தூய சடங்கொன்றைச் செய்து காட்டியவரின் மனைவி சில நாள்களில் இறந்துபோனார். மறைகளை அயலானுக்கு வெளிப்படுத்தியதால் தெய்வங்கள் சினந்தன என்று குறி சொல்வோர் கூறினர். அதன்பின் சொல்வார் வாய்கள் மூடிக்கொண்டன.

இந்நிகழ்ச்சியைத் தற்செயல் என அறிவியல் ஒதுக்கலாம். ஆனால் அத்தோடர்க்கு அது தற்செயலன்று. தாம் காத்துவந்த ஒன்றைக் கொடுத்ததற்குத் தாம் இழந்த இழப்பு அது. நூல் கேம்பிரிட்சுக்கு உரியதாயிற்று. புகழ் ஆசிரியருக்கு உரியதாயிற்று. துயரம் மலையிலேயே தங்கிவிட்டது. தகவல் தருபவருக்கு ஆய்வாளர் பட்டிருக்கும் கடன் எத்தகையது என்ற வினா மானிடவியல் வரலாற்றில் இவ்வளவு வெளிப்படையாக எழுந்த முற்கால இடங்களுள் இது ஒன்று. அதனை மறைக்காமல் எழுதிவைத்தது ரிவர்ஸின் நேர்மை. அதற்கு விடை காணும் சொற்கள் அன்றைய மானிடவியலிடம் இல்லை.

தங்கிவாழ்தல் என்னும் நெறி

ரிவர்ஸ் தோட மொழியை அறிந்தவரல்லர். இருவர் மொழிபெயர்த்துச் சொல்ல, அவர் எழுதினார். இதன் குறையை அவரே உணர்ந்தார் என்பதற்கு அவருடைய பிற்கால எழுத்தே சான்று. 1913-இல் அவர் வகுத்த ஆழ்நிலைக் கள ஆய்வின் இலக்கணம் இது: நானூறு ஐந்நூறு பேர் வாழும் ஒரு சமுதாயத்தில் ஆய்வாளர் ஓராண்டோ அதற்கு மேலோ தங்கவேண்டும், ஒவ்வொருவரையும் நேரில் அறிந்திருக்கவேண்டும், பொதுப்படையான விடைகளில் மனநிறைவு கொள்ளாது ஒவ்வொரு வழக்கத்தையும் நிகழ்ச்சியாகக் காணவேண்டும், அனைத்தையும் அம்மக்களின் தாய்மொழி வாயிலாகவே செய்யவேண்டும். நீலகிரியில் தம்மால் செய்ய இயலாமற் போனதையே அவர் நெறியாக எழுதினார்.

அந்நெறியைச் செயலாக்கிக் காட்டியவராகப் போற்றப்படுபவர் போலந்து நாட்டில் பிறந்த பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. 1915 முதல் 1918 வரை இருமுறை டிரோபிரியண்டு தீவுகளில் ஊர் நடுவே கூடாரமிட்டுத் தங்கி, அம்மொழியிலேயே பேசிப் பழகினார். 1922-இல் அவருடைய நூல் வெளிவந்தது. ரிவர்ஸ் மறைந்ததும் அதே ஆண்டில்தான். 'பங்கேற்று உற்றுநோக்கல்' என்னும் முறை அதுமுதல் மானிடவியலின் அடையாளமாயிற்று. விழாவில் ஆடுவதையும் வயலில் உழைப்பதையும் வீட்டில் பிணங்குவதையும் உடனிருந்து காண்பது. ஒரு வழக்கத்தைத் தனியே பிரிக்காது பொருள், மணம், சமயம், அரசு ஆகிய அனைத்தோடும் சேர்த்துப் பார்ப்பது. சொல்வதற்கும் செய்வதற்கும் உள்ள இடைவெளியைக் குறிப்பது ஆகியன அதன் கூறுகள்.

உடன் வாழ்ந்தால் மட்டும் உள்ளம் ஒன்றிவிடும் என்பதற்கில்லை. மாலினோவ்ஸ்கி களத்தில் எழுதிய நாட்குறிப்பு 1967-இல் வெளியானபோது, அம்மக்கள்பால் அவர் கொண்ட எரிச்சலும் வெறுப்பும் அதில் வெளிப்பட்டன. ஆய்வாளரும் ஒரு பண்பாட்டின் பிள்ளையே. தம் விருப்பு வெறுப்புகளையும் அவர் ஆராய்ச்சிக்கு உட்படுத்தவேண்டும் என்ற உணர்வு அதன்பின் வலுப்பெற்றது.

பாட்டைக் கேட்டவர்

போவாஸின் மாணாக்கர் மரபில் வந்தவர் என முன்னர்ச் சுட்டப்பட்டவர் மரே எமனோ. 1904-இல் கனடாவில் பிறந்து, வடமொழி பயின்று, சபீரிடம் கள மொழியியல் கற்றவர். 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கித் தோடம், கோத்தம், குடகு, கோலாமி முதலிய மொழிகளை ஆராய்ந்தார். தாமஸ் பர்ரோவுடன் இணைந்து அவர் 1961-இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியைத் தமிழறிஞர் நன்கறிவர். தோடர் தம்மைக் குறிக்க வழங்கும் சொல், தமிழின் 'ஆள்' என்னும் சொல்லோடு உறவுடையது என்பதை அவ்வகராதியில் காணலாம். ரோமரோடும் யூதரோடும் உறவு தேடிய கதைகளுக்கு ஒரு சிறு சொல் முடிவு கட்டியது.

மொழியைக் கற்ற எமனோவின் செவிக்கு, முன்வந்தோர் செவிக்கு முழுமையாக எட்டாத ஒன்று எட்டியது. அது தோடரின் பாட்டு. ரிவர்ஸும் மொழிபெயர்ப்போர் துணையால் சில பாடல்களைக் குறித்திருந்தார். ஆனால் பாட்டு எவ்வாறு கட்டப்படுகிறது என்பது மொழியறிந்தவர்க்கே புலப்பட்டது. மூன்று அசை கொண்ட சிறு அலகுகளால் தோடர் பாட்டு அமைகிறது. ஒரு தொடரைச் சொன்னால் அதற்கு இணையான மற்றொரு தொடரையும் சொல்லவேண்டும். ஓர் இடத்தின் பெயர் வந்தால் அதன் இணைப்பெயரும் வரவேண்டும். இத்தகைய இணைத்தொடர்கள் வழிவழியாக வந்து ஏராளமாக உள்ளன. திருமணம், இழவு, பால்மனை நிகழ்ச்சி, காதல் என எது நேர்ந்தாலும் அவ்விணைகளைத் தேர்ந்து கோத்துத் தோடர் அந்நேரத்திலேயே புதுப்பாட்டுக் கட்டுவர். நிகழ்ச்சியை வெளிப்படையாகச் சொல்லாது குறிப்பால் உணர்த்துவதே அப்பாட்டின் அழகு. ஊரும் உறவும் அறிந்தவர்க்கே பொருள் விளங்கும். அங்கே கவிஞர் என்றொரு தனிக்குழு இல்லை. கவி புனைதல் தோடர் அனைவர்க்கும் உரிய பொதுக்கலை.

ஒப்பாரியில் ஓரடியைச் சொல்லி, ஒரு சொல்லை மட்டும் மாற்றி மறு அடியைச் சொல்லும் தமிழ்ப் பெண்களின் பாட்டினை அறிந்தோர்க்கு இவ்வமைப்பு அயலானதாகத் தோன்றாது. எழுத்தறியாத மக்களிடம் இலக்கணம் நுட்பமாக வாழ முடியும் என்பதற்கு அது சான்று. மார்ஷலின் கைகள் தலையில் தேடியும் காணாத அறிவு, நாவில் இருந்தது.

எமனோ திரட்டிய பாடல்கள் 'தோடர் பாடல்கள்' என்னும் பெருநூலாக 1971-இல் வெளிவந்தன. பாட்டைக் கேட்ட காலத்திற்கும் நூல் வந்த காலத்திற்கும் இடையே முப்பது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. ஒவ்வொரு பாட்டுக்கும் அது பிறந்த சூழலையும், அதில் வரும் பெயர்களின் உறவையும் விளக்கவேண்டியிருந்தது. கொடிவழியும் பால்மனைச் சடங்கும் அறியாமல் அவ்விளக்கம் இயலாது. அவ்வகையில் ரிவர்ஸின் உழைப்பு எமனோவுக்கு அடித்தளமாயிற்று. எண்ணியவரும் வரைந்தவரும் இட்ட படிகளின் மேல் நின்றே கேட்டவர் கேட்டார் என்பதை மறத்தலாகாது.

கடனும் கடமையும்

அதே 1971-ஆம் ஆண்டில், அமெரிக்க மானிடவியலார் சங்கம் தொழில்நெறிக் கோட்பாடுகளை ஏற்றது. ஆய்வாளரின் தலையாய பொறுப்பு தாம் ஆராயும் மக்களுக்கே உரியது என அது அறிவித்தது. 1902-இல் நீலகிரியில் எழுந்த வினாவுக்கு ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை என இதனைக் கொள்ளலாம். சொல்ல மறுக்கும் உரிமை, பெயரை வெளியிடாதிருக்கக் கோரும் உரிமை, ஆய்வின் பயனில் பங்கு பெறும் உரிமை ஆகியன இன்று மானிடவியல் பயில்வோர்க்கு முதற்பாடங்கள்.

தோடர் வாழ்வும் அசையாது நிற்கவில்லை. உடன்பிறந்தார் பலர் ஒருத்தியை மணக்கும் வழக்கம் மறைந்துவிட்டது. மேய்ச்சற் புல்வெளிகளில் யூக்கலிப்டஸும் சீகையும் நட்டுக் காடாக்கினர், எருமைகள் குறைந்தன. 2011-ஆம் ஆண்டின் குடிக்கணக்கில் தோடர் ஏறத்தாழ 2000 பேர். தோடப் பெண்கள் கறுப்பு, சிவப்பு நூல்களால் வெண்துணியில் இழைக்கும் பூத்தையல் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. நூல்களில் எழுதப்பட்ட தோடரை மட்டும் கண்டு, அவர்கள் என்றும் அவ்வாறே இருந்தனர், இருப்பர் எனக் கருதுவது பெரும்பிழை. ஒரு மக்களை ஓர் ஆண்டின் படமாக நிறுத்திவிடாமல் வரலாற்றில் நடப்பவர்களாகக் காண்பதும் மானிடவியலின் அடிப்படை நெறியே.

ரிவர்ஸின் வாழ்வில் பிற்கால நிகழ்ச்சி ஒன்று கவிஞர் உள்ளத்தைத் தொடக்கூடியது. முதல் உலகப் போரின்போது, 1917-இல், எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனையில் போரால் மனம் நொந்த படை அலுவலர்க்கு அவர் மருத்துவம் செய்தார். அவரிடம் வந்தவர்களுள் சிக்பிரிடு சசூன் என்னும் ஆங்கிலக் கவிஞர் ஒருவர். நோயாளியைப் பேசவிட்டு, பேச்சைப் பொறுமையோடு கேட்பதே ரிவர்ஸின் மருத்துவம். மலையில் மொழிபெயர்ப்போர் வழியாகக் கேட்டவர், அங்கே இடையில் எவருமின்றிக் கேட்டார். சசூன் தம் வாழ்நாள் முழுதும் அவரை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

கவிதையும் மானிடவியலும் வெவ்வேறு துறைகள் எனினும், கேட்டலில் அவை ஒன்றுபடுகின்றன. தாலாட்டையும் ஒப்பாரியையும் கதைப்பாடலையும் தேடி ஊரூராகச் செல்லும் தமிழ் ஆர்வலர்க்கு இவ்வரலாறு சில எளிய கடமைகளை நினைவூட்டுகிறது. பாட்டை எழுதிக்கொள்ளும்போது அது எப்போது, எவருக்காக, எந்த இழப்பிலோ மகிழ்விலோ பாடப்பட்டது என்பதையும் எழுதவேண்டும். பாடியவர் விரும்பினால் அவர் பெயரை முதலில் இடவேண்டும்; விரும்பாவிடின் அதனைக் காக்கவேண்டும். பாட மறுத்தால் அம்மறுப்பையும் மதிக்கவேண்டும். அச்சான நூலின் ஒரு படியையேனும் பாடியவர் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். தோட மலையில் மறையைச் சொல்லி மனைவியை இழந்தவரின் துயரம், நூறாண்டு கடந்தும், கேட்கச் செல்லும் ஒவ்வொருவரிடமும் இதனையே வேண்டி நிற்கிறது.